சுக்கோத்: கூடாரம் அல்ல, குடில்

எபிரேயத்தில் 'சுக்கா' (தழை வேய்ந்த குடில்) ஒருமை, 'சுக்கோத்' பன்மை. மூடுதல், வேய்தல் என்ற பொருளுள்ள வேரில் பிறந்த சொல். கூரைக்குப் போடும் தழைக்கு 'ஸ்காக்' என்று பெயர். அதுவும் இதே வேர்தான்.

யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 15ஆம் நாள், முழுநிலவில் தொடங்கி ஏழு நாள் நடக்கும் யூத அறுவடைத் திருநாள் சுக்கோத். பழைய பெயர் 'ஹாக் ஹா-ஆசிஃப்', விளைச்சல் சேர்க்கும் விழா. தமிழ் விவிலியம் 'கூடாரப்பண்டிகை' என்கிறது. துணியும் தோலும் போர்த்திய கூடாரத்துக்கு எபிரேயத்தில் 'ஓஹெல்' என்ற தனிச்சொல் உண்டு. யாக்கோபு கால்நடைக்குக் கொட்டகை போட்ட ஊருக்குத்தான் சுக்கோத் என்று பெயர் வந்தது (ஆதியாகமம் 33:17). ஏசாயா 1:8இல் திராட்சைத் தோட்டத்துச் சுக்காவைத் தமிழ் விவிலியமே 'குடிசை' என்கிறது. பண்டிகைப் பெயரில் மட்டும் கூடாரம் எதற்கு?

இது வெறும் சொல் தகராறு இல்லை. திருநாளுக்கு யூதர்கள் கட்டித் தங்கும் சுக்காவுக்குத் துணிக்கூரை போட்டால் அது செல்லவே செல்லாது. கூரை மண்ணில் விளைந்து, வெட்டி எடுத்த பொருளாக இருக்க வேண்டும்: மூங்கில், ஓலை, மரக்கிளை. வேரோடு நிற்கும் கொடியைப் படரவிட்டால் ஆகாது; மரத்தடியிலோ மேல்மாடத்தின் கீழோ கட்டினாலும் ஆகாது. வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும், ஆனால் இரவில் விண்மீன் தெரிவது நல்லது. முதலில் சுவர், பிறகே கூரை. முழுச்சுவர் இரண்டும், மூன்றாவதில் ஒரு கையகலமும் குறைந்தபட்சம். உயரம் பத்துக் கையகலத்துக்கு, அதாவது சுமார் 80 செ.மீ.க்குக் குறையக்கூடாது; இருபது முழத்தைத் தாண்டவும் கூடாது.

அடிக்கடி தவறுவது சுவரில்தான். துணி கட்டலாம், ஆனால் காற்றில் படபடத்தால் அது சுவராகாது. இழுத்துக் கட்டிவிட்டு, தரையிலிருந்து பத்துக் கையகலம் வரை, இடைவெளி மூன்று கையகலத்துக்குக் குறைவாக வரும்படி கயிறுகளை வரிசையாக ஓட்டிவிடுவார்கள். துணி ஆடினாலும் கயிறு சுவராக நிற்கும்.

அடுக்குமாடியில் வாழ்வோர் பலருக்கு யூதத் தொழுகைக்கூடத்தின் முற்றத்தில் உள்ள சுக்காதான் துணை. காலைத் தொழுகை முடிந்ததும் எல்லோரும் அங்கே கூடி, திராட்சை ரசத்தின் மேல் வாழ்த்துச் சொல்லிச் சாப்பிடுவார்கள். அதற்குமுன் தொழுகைக்கூடத்தின் உள்ளே, விரியாத ஈச்சங்குருத்து ஒன்று, மிர்ட்டில் என்ற மணமுள்ள செடியின் கிளை மூன்று, ஆற்றலரிக் கிளை இரண்டு, நாரத்தை இனமான எத்ரோக் ஒன்று ஆகியவற்றை ஏந்தி, மேடையைச் சுற்றி 'ஹோஷனா' பாடுவார்கள். 'காப்பாற்றும்' என்ற வேண்டுதல் அது. நம் தேவாலயங்களின் 'ஓசன்னா' இதுவேதான்.

'பந்தல்' தற்காலிகத்தைச் சொல்கிறது, ஆனால் சுவர் இல்லை, குடியிருப்பும் இல்லை. ஏழு நாளும் உண்டு உறங்கும் இடம் இது. 'தழைக்குடில் திருநாள்' என்பதே பொருந்தும்.