தவறான விடை சொல்லும் சேதி

மனநல மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சி பெறும் ஒருவரிடம், இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் என்று சட்டென்று சொல்லிவிடுவார். மனப்பாடம் தெரிந்தது, அவ்வளவுதான். அதையே இப்படிக் கேட்கலாம்: பல ஆண்டுகளாக லித்தியம் எடுத்துவரும் 52 வயதுப் பெண், மூட்டுவலிக்காக 10 நாளாக இபுபுரூஃபன் என்ற வலிநிவாரணியும் சாப்பிடுகிறார். இப்போது கை உதறுகிறது, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுகிறது. உடனே என்ன செய்வீர்கள்?

இரண்டு மருந்தையும் நிறுத்திவிட்டு, லித்தியம் அளவையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்க்க வேண்டும். இபுபுரூஃபன், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கும்; மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் அது நச்சளவுக்கு ஏறிவிடும்.

பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் இதை வைத்தால், இந்தக் கேள்வியின் உயிர் தவறான விடைகளில்தான் இருக்கிறது. நடுக்கத்தைக் குறைக்கும் புரோப்ரனலால் கொடுப்பேன் என்பவருக்கு, லித்தியத்தால் வழக்கமாக வரும் மெல்லிய நடுக்கத்துக்கும் நச்சேறியதால் வரும் உதறலுக்கும் வேறுபாடு பிடிபடவில்லை. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு என்பவர் அறிகுறிக்கொரு மருந்து தேடுகிறார். பரிசோதனை முடிவு வரும்வரை லித்தியம் தொடரட்டும் என்பவருக்கு நோய் புரிந்துவிட்டது, அவசரம் புரியவில்லை. மூவருக்கும் சொல்லித்தர வேண்டியது வெவ்வேறு. யாருமே தேர்ந்தெடுக்காத விடையால் பயனில்லை, தூக்கிவிடலாம். சரியான விடை மட்டும் நீளமாக இருந்தால் பாடம் தெரியாதவரும் கண்டுபிடித்துவிடுவார்.

தேர்வு முடிந்ததும் கேள்விக்கே மதிப்பெண் போட வேண்டும். 60 பேர் எழுதினால், மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதம், அதாவது 16 பேர். கீழேயும் 16 பேர். மேலே 14 பேரும் கீழே 6 பேரும் சரியாக எழுதியிருந்தால், வேறுபாடான 8ஐ 16ஆல் வகுக்க 0.5 வரும். நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் கேள்வி எவ்வளவு பிரித்துக்காட்டுகிறது என்பதே இந்த எண். நல்ல கேள்வி. 0.2க்குக் கீழே போனால் திருத்த வேண்டும். எண் எதிர்மறையானால், நன்றாகப் படித்தவர்களே தவறவிடுகிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் விடைக்குறிப்பு தப்பாக இருக்கும், இல்லையேல் இரண்டு விடைகள் சரியாக இருக்கும்.

அமெரிக்காவில் மனநல மருத்துவப் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் 'பிரைட்' தேர்வில் 300 கேள்விகள். பயிற்சியாளர் எந்தப் பகுதியில் பின்தங்கியிருக்கிறார் என்று காட்டுவதுதான் அதன் வேலை. அதை வைத்து ஒருவரின் தேர்ச்சியை முடிவு செய்வது தவறு என்பதே என் கருத்து.

நோயாளியிடம் பேசும் திறனைத் தாளில் அளக்க முடியாது. அதற்காக அங்கே பயிற்சிக் காலத்துக்குள் மூன்று நேரடி மதிப்பீடுகளில் தேற வேண்டும். முன்பின் பார்த்திராத நோயாளியுடன் குறைந்தது 30 நிமிடம் பேசுவதை ஒரு மூத்த மருத்துவர் உடனிருந்து கவனிப்பார். "தற்கொலை எண்ணம் எதுவும் இல்லையே?" என்று பயிற்சியாளர் கேட்கிறார். நோயாளி "இல்லை" என்கிறார். கேட்டாரா என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடும். ஆனால் 'இல்லையே' என்ற சொல்லே பதிலை எடுத்துக்கொடுத்துவிட்டது. கவனிப்பவர் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிவைத்து, அன்றைக்கே பயிற்சியாளரிடம் காட்டி, "செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா?" என்று கேட்டுப் பழகச் சொல்ல வேண்டும்.