எங்கே பிய்ந்தது? எபாக்சி தளத்தின் பிடிப்பைச் சோதிக்கும் விதம்

மருந்துத் தொழிற்சாலை, கிடங்கு, கார் நிறுத்தும் அடித்தளம் என்று எங்கே பார்த்தாலும் இப்போது காங்கிரீட் தரையின் மேல் எபாக்சி, பாலியூரித்தேன் போன்ற பிசின் பூச்சைப் பூசுகிறார்கள். துடைக்க எளிது, ரசாயனம் சிந்தினாலும் தாங்கும். ஆனால் சில தளங்கள் ஒரு வருடம் கூட நிற்பதில்லை. தட்டுத் தட்டாகப் பெயர்ந்துவிடும். அப்புறம் பூச்சு விற்றவர் பூசியவரைக் கை காட்டுவார், பூசியவர் காங்கிரீட் போட்டவரைக் கை காட்டுவார். யார் சொல்வது சரி என்று ஒரு சிறிய உலோக வில்லையைப் பூச்சின் மேல் ஒட்டி, பிய்ந்து வரும்வரை இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பூச்சு இறுகிய கையோடு அந்தச் சோதனையைச் செய்துவிட்டால் சண்டைக்கே வேலை இருக்காது.

வில்லைக்குத் தொழிலில் டாலி என்று பெயர். காங்கிரீட்டுக்கு வழக்கமாக 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள டாலியை எடுப்பார்கள். இரும்பின் மேல் அடித்த பெயின்ட்டைச் சோதிக்க 20 மில்லிமீட்டர் டாலி போதும். காங்கிரீட்டில் அது சரிப்படாது. உள்ளே கிடக்கும் ஜல்லியே 20 மில்லிமீட்டர் இருக்கும். சின்ன டாலி ஓரிடத்தில் ஜல்லி மேலும், இன்னோரிடத்தில் வெறும் சாந்தின் மேலும் உட்கார்ந்துகொண்டால் இரண்டு அளவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

பூச்சு முழுதாக இறுகிய பிறகு அதன் மேல்பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, டாலியை எபாக்சி பசையால் ஒட்ட வேண்டும். டாலியின் அளவுக்கே வட்டமாக, வைரப் பல் வைத்த கோர் கட்டரால், பூச்சைத் தாண்டிக் காங்கிரீட்டுக்குள்ளும் கொஞ்சம் இறங்கும்படி வெட்ட வேண்டும். இந்த வெட்டைச் சிலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். வெட்டாமல் இழுத்தால் சுற்றியிருக்கும் பூச்சும் சேர்ந்து சுமை தாங்கும். கிடைக்கும் எண் இல்லாத பலத்தைக் காட்டும். பசை இறுகியதும் மேலே, இழுக்கும் விசையை அளந்து காட்டும் கருவியைப் பொருத்தி, தரைக்கு நேர் செங்குத்தாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். கருவி சாய்ந்திருந்தால் ஒரு ஓரத்தில் மட்டும் சுமை கூடி, பூச்சு அங்கிருந்து உரியத் தொடங்கும். எண் குறைவாக வரும். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி7234, ஐரோப்பாவின் ஈஎன் 1542 ஆகிய தர விதிகள் இதையெல்லாம் விவரமாகச் சொல்கின்றன.

தளப் பூச்சுக்குப் பல ஒப்பந்தங்கள் கேட்கும் குறைந்தபட்ச அளவு 1.5 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன். கேட்கச் சின்ன எண்தான். 50 மில்லிமீட்டர் டாலியின் பரப்புக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,950 நியூட்டன் வரும். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த வட்டத்தில் 300 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம் அது.

காங்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் சீக்கிரம் பிளந்துவிடும். எம்25 காங்கிரீட்டின் அமுக்க வலிமை 25 மெகாபாஸ்கல் என்றால், நேராக இழுத்தால் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். ஆகவே அதன் மேல் எவ்வளவு உசத்தியான எபாக்சியைப் பூசினாலும் சோதனையில் 2, 2.5 மெகாபாஸ்கலைத் தாண்டுவதே அபூர்வம். அதற்குள் காங்கிரீட்டே பிய்ந்துவிடும். இரும்புத் தகட்டில் எடுத்த பெரிய எண்ணைக் காட்டி விற்பவர்களிடம் காங்கிரீட்டில் எடுத்த அளவைக் கேளுங்கள்.

இதனால்தான் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடாமல் டாலியைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்கிறேன். இரண்டு இடங்களிலும் 1.8 என்றே வந்திருக்கலாம். ஒரு டாலியின் அடியில் உடைந்த ஜல்லியோடு காங்கிரீட் கட்டி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பூச்சு தன் பிடியை விடவில்லை, காங்கிரீட்தான் விட்டது. இதைவிட நல்ல முடிவு கிடையாது. இன்னொன்றின் அடியில் பூச்சின் பின்புறம் வழவழவென்று, ஒரு மணல்கூட ஒட்டாமல் சுத்தமாக இருக்கும். எண் தேறியிருந்தாலும் அந்தத் தரையை நான் நம்ப மாட்டேன். பூச்சு காங்கிரீட்டின் துளைகளுக்குள் இறங்கவே இல்லை என்று அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்கோ, தரையைச் சரியாகத் தேய்க்காததோ காரணமாக இருக்கும்.

மூன்றாவது வகையைத்தான் நம் ஊர்த் தரைகளில் கவனமாகத் தேட வேண்டும். டாலியின் அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படலம் இருக்கும். விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். ஜல்லி இருக்காது. காங்கிரீட் போடும்போது தண்ணீர் அதிகமானால், அது மேலே ஊறி வரும்போது சிமெண்ட்டின் மிக நுண்ணிய துகள்களையும் தூக்கிக்கொண்டு வரும். காய்ந்ததும் அது பாலாடை போல மேலே ஒரு பலமில்லாத தோலாகப் படிந்துவிடுகிறது. பூச்சு அந்தத் தோலை நன்றாகத்தான் பிடித்திருக்கும். தோல்தான் காங்கிரீட்டைப் பிடிக்கவில்லை. ஷாட் பிளாஸ்டிங் செய்தோ (சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்துச் சுரண்டுவது), வைரக் கிரைண்டரால் தேய்த்தோ அதை முழுக்க எடுத்துவிட்டுத்தான் பிரைமர் அடிக்க வேண்டும்.

சில சமயம் பூச்சின் இரண்டு கோட்டுக்கு, அதாவது இரண்டு அடுக்குக்கு நடுவே பிரியும். அடுத்த கோட்டை அடிக்க வேண்டிய நேரம் தாண்டிப்போயிருக்கலாம். ஈரக்காற்றுள்ள இரவில் எபாக்சியின் மேல் பிசுபிசுவென்று ஒரு படலம் கிளம்பி, அதைக் கழுவாமலே அடுத்த கோட்டை அடித்திருக்கலாம். தரையின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகவும்தான். டாலியை ஒட்டிய பசையே விட்டுவிட்டால் அந்த எண்ணை வைத்துப் பூச்சு மோசம் என்று சொல்ல முடியாது. அவ்வளவு வரை தாங்கியது என்றுதான் எழுதலாம். தேவையான அளவுக்குக் கீழேயே பசை விட்டிருந்தால் மறுபடி ஒட்டி இழுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இந்தச் சோதனை சொல்லிவிடாது. தரைக்கு அடியிலிருந்து ஏறும் ஈரம் இன்று நல்ல எண் தந்த பூச்சையும் சில மாதங்களில் கொப்புளமாக்கிவிடும். அதற்குப் பூசும் முன்பே வேறு சோதனை வேண்டும். எளிமையானது, ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டு எடுத்துப் பார்ப்பது. தாளின் அடியில் நீர் முத்தோ, தரை கறுத்த ஈரத் தடமோ தெரிந்தால் பூசக் கூடாது. தாள் காய்ந்திருந்தாலும் ஆழத்தில் ஈரம் இல்லை என்று ஆகிவிடாது. பெரிய வேலை என்றால் காங்கிரீட்டில் துளை போட்டு, உள்ளே ஈரப்பத மானியை இறக்கிப் பார்ப்பது நல்லது.

கிரைண்டிங் முடிந்த வெறும் காங்கிரீட்டிலேயே முதலில் இரண்டு மூன்று டாலி இழுத்துப் பார்த்துவிட்டால், அந்தத் தரை பூச்சைத் தாங்குமா என்பது ஒரு டப்பாவைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். அங்கேயே 1.5 வராவிட்டால் இன்னும் ஆழமாகத் தேய்க்க வேண்டும், அல்லது தரையையே சரிசெய்ய வேண்டும். பூசிய பிறகும் ஒரே இடத்தில் நிறுத்தாமல் குறைந்தது மூன்று இடங்களில் இழுக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் எண்ணோடு, ஒவ்வொரு டாலியின் அடிப்பக்கப் படமும், எந்த அடுக்கில் எத்தனை சதவீதம் பிய்ந்தது என்ற குறிப்பும் இருக்கட்டும்.