மிளகாய்க்கு மானிய உயிர் மருந்து: எந்த ஆபீசுக்குப் போவது?

தேவகோட்டைப் பக்கம் முண்டு மிளகாய் போட்டிருந்த எங்கள் அத்தை ஒருவர், இலைப்பேன் பூச்சிக்கு மானியத்தில் பிவேரியா என்ற உயிர் மருந்து கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு மூன்று நாள் பஸ் ஏறினார். முதல் நாள் போனது வேளாண்மை ஆபீஸ். அரை நாள் உட்கார வைத்துவிட்டு, "மிளகாய் எங்களுக்கு வராதும்மா" என்றார்கள். வந்தவுடனே சொல்லியிருக்கலாம். மிளகாய் தோட்டக்கலைத் துறைப் பயிர். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு நேராகப் போங்கள்.

அங்கே "ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை மானியம்" என்று கேளுங்கள். வருஷத்துக்கு இவ்வளவு ஏக்கர் என்று இலக்கு உண்டு; அது தீர்ந்தால் கிடைக்காது. இலைப்பேன் வந்து இலை சுருண்ட பிறகு ஓடாமல், புரட்டாசியில் விதைக்கும்போதே பெயரைப் பதிந்துவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது அடங்கலில்தான், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமப் பதிவேட்டில். நிலத்தில் மிளகாய் நிற்கும், அடங்கலில் போன வருஷத்து நெல்லோ தரிசோ இருக்கும். அத்தையை இரண்டாம் நாள் திருப்பி அனுப்பியது இதற்காகத்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் நடப்புப் பருவத்து மிளகாயை ஏற்றச் சொல்லி, அந்த நகலை வாங்கிக்கொண்டு போங்கள். பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தால் பெயர் மாற்றத்தை இப்போதே தொடங்குங்கள். இந்தப் பக்கம் பட்டாதாரர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார், பாடுபடுபவர் இங்கே இருப்பார். வாய்ப்பேச்சுக் குத்தகையை எந்த ஆபீசும் ஏற்காது, எழுதி வாங்குங்கள். சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் பாக்கெட் கைக்கு வந்தது. பின்பக்கம் திருப்பினால், காலாவதி தேதி முடிந்து இரண்டு மாதம். பிவேரியா உயிருள்ள பூஞ்சை. தேதி போன பாக்கெட்டும் வெயிலில் கிடந்த பாக்கெட்டும் வெறும் மாவுதான். கையெழுத்துப் போடும் முன் தேதியைப் பாருங்கள், பழையது என்றால் வாங்காதீர்கள். கடையில் வாங்கினாலும் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண், தொகுதி எண், தயாரிப்புத் தேதி, காலாவதி தேதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். "பயோ" என்று மட்டும் போட்ட பாட்டிலை நம்பாதீர்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாமல் புகார் நிற்காது.

பிவேரியாவைப் பூஞ்சாணத்தைக் கொல்லும் மருந்தோடு கலந்தால் அதுவே செத்துப்போகும். வெயில் தாழ்ந்து, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள்.

மானியம் வரும்வரை செடி காத்திருக்காது. அதுவரை 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டர் தண்ணீராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அன்றே அடித்துவிடுங்கள்.