மேக்கில் ஓடும் வீடியோ லினக்ஸில் ஏன் படுத்துக்கொள்கிறது?

ஐபோனில் எடுத்த ஃபுட்டேஜை மேக்கில் ஃபைனல் கட் என்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டால் ஜோராக ஓடும். அதே ஃபைலை லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்புக்குக் கொண்டுபோனால் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாக நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது, மறுபடி காப்பி பண்ணு என்பார்கள். ஃபைலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

.எம்ஓவி, .எம்பி4 எல்லாம் வெறும் டப்பாவின் பெயர்கள்தான், காபித்தூள் டப்பாவில் புளி இருப்பது நமக்குப் புதிதா என்ன? உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கோடெக். ஒரே எம்ஓவிக்குள் எச்.264, எச்இவிசி, ப்ரோரெஸ் எது வேண்டுமானாலும் இருக்கலாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் கோடெக், பிட் அளவு (நிறத்தை எத்தனை படிகளாகப் பிரித்திருக்கிறது என்பது), ஃப்ரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம் என்பது) எல்லாம் தெரிந்துவிடும். யாராவது "வீடியோ ஓடல" என்று வந்தால் நான் முதலில் கேட்பது அதன் ஸ்க்ரீன்ஷாட்டைத்தான்.

சரி, ஒரு கணினிக்குத் தெரிந்த கோடெக் இன்னொன்றுக்கு ஏன் தெரியவில்லை? பாதிக் காரணம் காப்புரிமை. எச்இவிசிக்கு உரிமக் கட்டணம் உண்டு, அதனால்தான் விண்டோஸில் அதற்கான நீட்சியை மைக்ரோசாஃப்ட் தனியாகக் காசுக்கு விற்கிறது. ரிசால்வின் இலவச லினக்ஸ் பதிப்பில் எச்.264கூடத் திறக்காது, காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில் திறக்கும். ஆப்பிள் 2007இல் கொண்டுவந்த ப்ரோரெஸை விண்டோஸில் அடோபியின் ப்ரீமியர் எடிட்டிங் மென்பொருளிலிருந்து நேரடியாக எக்ஸ்போர்ட் செய்ய 2018 கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு நடுவே 2016இல் தன் வீடியோ மென்பொருளான குயிக்டைமின் விண்டோஸ் பதிப்பை ஆப்பிள் கைவிட்டது, பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கின்றன, தூக்கிவிடுங்கள் என்று எச்சரிக்கையும் வந்தது. குயிக்டைமை நம்பி ஓடிக்கொண்டிருந்த எடிட் மேசைகள் நட்டாற்றில் நின்றன.

மீதிப் பாதி, தெரிந்த கோடெக்கை வெட்டும்போதும் கணினி ஏன் திணறுகிறது என்பது, அதுதான் சுவாரசியம். எச்.264, எச்இவிசி இரண்டும் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை, வெட்டுவதற்காக அல்ல. இவற்றில் எப்போதாவது ஒரு ஃப்ரேம்தான் முழுப் படமாக இருக்கும், அதற்கு அடுத்தவற்றில் 'முந்தையதிலிருந்து என்ன மாறியது' என்ற விவரம் மட்டுமே, சிலவற்றில் பின்னால் வரப்போகும் ஃப்ரேமைப் பார்த்தும் கணக்குப் போட வேண்டும். விநாடிக்கு 25 ஃப்ரேம், இரண்டு விநாடிக்கு ஒரு முழுப் படம் என்று வையுங்கள். டைம்லைனில் 40ஆவது ஃப்ரேமைத் தொட்டால், முதல் ஃப்ரேமிலிருந்து கணக்குப் போட்டு வந்துதான் அதைக் காட்ட முடியும். ரிவர்ஸில் ஓட்டினால் கணினி திணறுவது இதனால்தான். ப்ரோரெஸிலும் ஆவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்ஆரிலும் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும், எங்கே தொட்டாலும் உடனே வரும்.

ஆகவே வழி ஒன்றுதான்: வேலையைத் தொடங்கும் முன்பே எல்லாக் கணினிக்கும் தெரிந்த ஒரு எடிட்டிங் கோடெக்குக்கு மாற்றிவிடுவது. அப்படி மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இலவசம், மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். கூட்டத்தில் விண்டோஸோ லினக்ஸோ இருந்தால் டிஎன்எக்ஸ்எச்ஆர்தான் என் தேர்வு. மாற்றுவதால் தரம் ஏறாது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையவும் குறையாது. இடம்தான் தின்னும்: 1080பி, 29.97 ஃப்ரேமில் ப்ரோரெஸ் 422 விநாடிக்கு 147 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 66 ஜிபி. ஹார்ட் டிஸ்க் போதாவிட்டால் சின்ன அளவில் ப்ராக்சி, அதாவது தற்காலிக நகல், செய்து அதை வெட்டிவிட்டு, கடைசியில் மூலத்தோடு இணைத்துக்கொள்ளலாம்.

மாற்றும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். டிஎன்எக்ஸ்எச்ஆரின் தர வகைகளில் எச்க்யூ என்பது 8 பிட், எச்க்யூஎக்ஸ்தான் 10 பிட்டைத் தாங்கும். லாக்கில் (பின்னால் நிறம் திருத்துவதற்காக வெளிறலாகப் பதிவு செய்யும் முறை) எடுத்த 10 பிட் காட்சியை எச்க்யூவில் போட்டால் கிரேடிங்கில், அதாவது நிறம் திருத்தும்போது, வானம் பட்டை பட்டையாக உடையும், அப்புறம் மூலத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். இன்னொன்று, ஃபோன்கள் ஃப்ரேம் ரேட்டை ஒரே சீராக வைத்திருப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் இறக்கிவிடும். எடிட்டிங் மென்பொருளோ சீராக இருக்கும் என்று நம்பித்தான் அடுக்குகிறது. நீளமான பேட்டியில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போவது இப்படித்தான். மாற்றும்போதே நிலையான ஃப்ரேம் ரேட் கேட்டு வாங்கிவிடுங்கள், ஒலியையும் ஏஏசி என்ற சுருக்கிய வடிவில் விடாமல் சுருக்காத பிசிஎம் ஆக்கிவிடுங்கள், லினக்ஸ் ரிசால்வில் படம் ஓடியும் சத்தம் வராமல் போனதற்கு ஏஏசிதான் பல பதிப்புகளாகக் காரணமாக இருந்தது. ஃபைல் பெயரையும் டைம்கோடையும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உள்ள நேர எண்) மட்டும் மாற்றாதீர்கள், மூலத்தோடு திரும்ப இணைக்க மென்பொருள் தேடுவது அவற்றைத்தான்.