ஏழு எண்ணத் தெரிந்த காது

யாழ்ப்பாணத்தில் இணுவில், அளவெட்டி, சாவகச்சேரி என்று எந்தப் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் ஒன்றைப் பார்க்கலாம். சாமி வெளிவீதிக்கு வந்து நிற்கும். தவில்காரர் இருவர் மாறி மாறி வாசித்துக் கடைசியில் ஒரு கோர்வையை, வாசிப்பை முடித்துவைக்கும் தாளக் கட்டை, பிடிப்பார்கள். அது மூன்று தரம் வரும். முதல் தரம் சனம் சும்மா நிற்கும். இரண்டாம் தரத்தில் தலைகள் அசையத் தொடங்கும். மூன்றாம் தரம் முடிந்து சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், விழுகிற அந்தக் கணத்தில் கச்சான் விற்கிறவரின் கையும் சரியாகத் தொடையில் விழும். அவர் சங்கீதம் படித்தவரில்லை. மிஸ்ர சாபு என்ற அந்த ஏழு மாத்திரைத் தாளத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவராக இருக்கலாம். ஆனால் ஏழாவது மாத்திரை எங்கே முடிகிறது என்று அவருடைய கைக்குத் தெரியும்.

அந்தக் கைக்கு இதை யார் படிப்பித்தது? இசைக்கும் அடையாளத்துக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வுகள் பலவும் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்வியிடம்தான் வந்து நிற்கின்றன.

2005 இல் எரின் ஹனன், சன்ட்ரா ட்ரெகப் என்ற இரு ஆய்வாளர்கள் சில சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். ட்ரெகப், எங்கள் சனம் நிறைந்த ரொறன்ரோவின் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர். மேற்கத்தியப் பாட்டுகளில் பெரும்பாலும் அடிகள் சம இடைவெளியில் விழும். இரண்டிரண்டாகவோ நாலு நாலாகவோ எண்ணிவிடலாம். பல்கேரியா, மசிடோனியா பக்கத்து நாட்டார் பாட்டுகள் பலவற்றில் அப்படி எண்ண முடியாது. இரண்டு, இரண்டு, மூன்று என்று கூட்டி ஏழு வரும். எங்கள் மிஸ்ர சாபு ‘தகிட தகதிமி’ என்று மூன்றும் நாலுமாக நடப்பது போல, அங்கேயும் ஓர் அடி நீளம், ஓர் அடி கட்டை.

ஆய்வாளர்கள் அப்படியான மெட்டுகளை இரண்டு விதமாக மாற்றினார்கள். ஒன்றில் புதிதாக ஒரு சுரம் சேர்ந்தாலும் தாளக் கணக்கு குலையவில்லை. மற்றதில் அந்தச் சுரம் கணக்கையே இழுத்து உடைத்தது. வட அமெரிக்காவில் வளர்ந்த பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை. பல்கேரியாவிலும் மசிடோனியாவிலும் இருந்து வந்து குடியேறியவர்கள் அதைப் பிடித்துவிட்டார்கள். இதில் பெரிய ஆச்சரியம் இல்லைத்தான். ஆச்சரியம் குழந்தைகளிடம் இருந்தது.

பேசத் தெரியாத பிள்ளையிடம் இதை எப்படிக் கேட்பது? ஒரு மெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழக்கிவிட்டு, பிறகு மாற்றிய மெட்டுகளைப் போடுவார்கள். புதிதாக ஏதோ நடக்கிறது என்று உணர்ந்தால், ஒலி வருகிற பக்கத்துத் திரையைப் பிள்ளை கூடுதல் நேரம் பார்க்கும். அந்தப் பார்வையின் நேரத்தை அளக்கலாம். இப்படி அளந்தபோது, வட அமெரிக்கக் குழந்தைகள் ஆறு மாத வயதில் நாலின் கணக்கு உடைந்ததையும் ஏழின் கணக்கு உடைந்ததையும் ஒரே மாதிரிக் கண்டுபிடித்தார்கள். தாய் தகப்பனுக்குக் கேட்காதது கைக்குழந்தைக்குக் கேட்டது! பன்னிரண்டு மாதக் குழந்தைகளைச் சோதித்தால் ஏழு போய்விட்டிருந்தது, நாலு மட்டும் நின்றது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரமளவில் வீட்டில் அந்தப் பாட்டுகளைப் போட்டுக் காட்டியபோது ஏழு திரும்பி வந்தது. அதே அளவு கேட்ட பெரியவர்களுக்கு அந்த மாதிரி வரவில்லை.

அதாவது, எல்லா ஊர்த் தாளத்தையும் கேட்கக்கூடிய காதோடுதான் பிள்ளை வருகிறது. முதல் வருடத்துக்குள் தன்னைச் சுற்றி ஒலிப்பது எதுவோ அதற்குக் காது இசைந்துகொள்கிறது. ஒலிக்காததைக் கைவிடத் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் முதல் வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஊர்க்கோயில் கொடியேறினால் பத்து நாளோ பதினைந்து நாளோ காலையும் மாலையும் மேளம். நல்லூர் என்றால் 25 நாள். சாமி புறப்படும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற நாதஸ்வர இசை. பூசை முடிவில் பஞ்சபுராணம். சங்கீத வகுப்பில் முதல் சரளி வரிசையைப் பாடுவதற்கு எத்தனையோ வருடம் முன்பே அந்தக் காது ஒரு பள்ளிக்கூடத்தை முடித்துவிடுகிறது.

உள்ளே நடக்கிற வேலையும் ஓரளவு தெரியும். எட்டு மாதக் குழந்தைகளுக்கு வார்த்தை இல்லாத சுரத் தொடர்களைப் போட்டுக் காட்டிய ஜெனி சஃப்ரானும் கூட்டாளிகளும், எந்தச் சுரத்துக்குப் பின் எது அடிக்கடி வருகிறது என்பதைக் குழந்தையின் மூளை தானாகவே கணக்கெடுக்கிறது என்று 1999 இல் காட்டினார்கள். யாரும் சொல்லித் தராத கணக்கு அது. அந்தக் கணக்கை வைத்து மூளை அடுத்தது எது என்று முன்கூட்டியே ஊகிக்கப் பழகுகிறது. இசையில் கிடைக்கும் சந்தோசத்தின் பெரும்பகுதி இந்த ஊகத்தில் இருக்கிறது. மொன்றியலில் றொபேர்ட் சடோரின் குழு 2011 இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்களின் மூளையில் டோபமின் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள இரசாயனம் இரண்டு இடங்களில் சுரந்தது தெரிந்தது. மயிர்க்கூச்செறியும் கட்டம் வந்தபோது ஓரிடத்தில். அந்தக் கட்டம் வரப்போகிறது என்று காத்திருந்தபோதே இன்னோரிடத்தில். கோர்வையின் இரண்டாம் தரத்தில் சனத்தின் தலை அசைவதை இந்த ஆய்வோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். முடிவு தெரிந்தவருக்குத்தான் காத்திருக்கத் தெரியும்.

ராகத்துக்கும் இப்படியா? பாதி அப்படித்தான். 1999 இல் கனடாவில் லோறா-லீ போல்க்வில், வில்லியம் தொம்சன் இருவரும் இந்துஸ்தானி ராகங்களை அவற்றோடு பழக்கமே இல்லாதவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் அவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். சாந்தம் என்று வந்தபோது தடுமாறினார்கள். வேகம், ஒலியின் முரட்டுத்தனம் போன்றவற்றை எந்த ஊர்க் காதும் படித்துவிடும். மிச்சத்துக்கு அந்த மண்ணில் வளர்ந்திருக்க வேண்டும். இசை உலகப் பொதுமொழி என்று மேடைகளில் சொல்லும்போதெல்லாம் இந்தச் சாந்தம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

சரி, காது ஊரைக் கற்றுக்கொள்கிறது. அது எப்படி ‘நாங்கள்’ என்ற உணர்வாக மாறுகிறது? 2016 இல் சாமுவேல் மெர், எலிசபெத் ஸ்பெல்கி முதலானோர் ஐந்து மாதக் குழந்தைகளோடு செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு புதிய பாட்டைப் பெற்றோரிடம் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் பிள்ளைக்குப் பாடச் சொன்னார்கள். பிறகு முன்பின் தெரியாத இருவரைக் குழந்தைக்குக் காட்டினார்கள். ஒருவர் அந்தப் பாட்டைப் பாடினார், மற்றவர் வேறொன்றைப் பாடினார். அதன் பின் இருவரும் வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டு நின்றபோது, குழந்தை தன் வீட்டுப் பாட்டைப் பாடியவரையே கூடுதலாகப் பார்த்தது. அதே பாட்டை விளையாட்டுப் பொம்மையிலிருந்து கேட்டுப் பழகிய குழந்தைகளிடம் இந்த விருப்பம் இல்லை. காதில் விழுந்தால் மட்டும் போதாது. வீட்டு மனிதரின் வாயிலிருந்து வர வேண்டியிருக்கிறது. நாலைந்து வயதுப் பிள்ளைகளிடம் நடந்த இன்னோர் ஆய்வில், தமக்குத் தெரிந்த பாட்டு யாருக்குத் தெரிந்திருக்கிறதோ அவரையே நண்பராகத் தெரிவு செய்தார்கள். ஒரே பாட்டு இருவருக்கும் பிடிக்கும் என்பதைவிட இருவருக்கும் தெரியும் என்பதுதான் கனமாக இருந்தது. அம்மம்மா ஊஞ்சலில் வைத்துப் பாடிய பாட்டு, பிள்ளையிடம் ‘நீ எங்கள் ஆள்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

இசை சனத்தைச் சேர்க்கும் என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் பாதியை மறைத்ததாகிவிடும். எங்கள் ஊரில் ஒலி வேலியாகவும் இருந்திருக்கிறது. பறை சாவீட்டுக்கு, தவில் கோயிலுக்கு என்றும், இதை இன்னார் அடிக்க வேண்டும் என்றும் சாதி பங்கு பிரித்து வைத்தது. 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயில் நுழைவுக்காகப் போராட வேண்டியிருந்த ஊர் இது. உள்ளே விடப்படாதவரின் பிள்ளையும் அதே நாதஸ்வரத்தை மதிலுக்கு வெளியே நின்று கேட்டுத்தான் வளர்ந்தது. அந்தப் பிள்ளையின் காதிலும் அதே ஏழு பதிந்தது. வேலியைப் போட்டது மனிதர். காதில் அப்படி ஒன்று இருக்கவில்லை. கூத்திலும் இதைப் பார்க்கிறோம். வட்டுக்கோட்டையில் பாரதக் கதை ஆடுகிறார்கள், பாஷையூரிலும் குருநகரிலும் புனிதர் வரலாறு ஆடுகிறார்கள். கதையும் சாமியும் வேறு, வடமோடி தென்மோடி என்று ஆட்டமும் வேறு. ஆனாலும் இரண்டு இடத்திலும் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று தருவை, அதாவது கூத்துப் பாட்டை, எடுத்துக்கொடுக்க, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகிறார்கள்.

குழந்தைப் பருவத்துக்குப் பிறகு இன்னொரு முறை காது திறக்கிறது. பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுகள் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக நினைவில் நிற்கின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. 2013 இல் கரோல் கிரம்ஹான்ஸ்ல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு 1955 முதல் 2009 வரையான பாட்டுகளைப் போட்டுக் காட்டியபோது, அவர்களுடைய சொந்தக் காலத்துப் பாட்டுகளோடு தாய் தகப்பனின் இளமைக்காலப் பாட்டுகளும் தனியாக உயர்ந்து நின்றன. வீட்டில் ஒலித்தது அடுத்த தலைமுறைக்குள்ளும் இறங்கியிருந்தது.

1990களின் தொடக்கத்தில் இங்கே மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டோம். ஒருவர் சுற்ற மற்றவர்கள் குந்தியிருந்து கேட்பார்கள். கை சோர்ந்தால் பாட்டும் மங்கும், இன்னொருவர் ஓடிவந்து வாங்குவார். அந்த வயதில் அப்படிக் கேட்டவர்கள் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் கார் ஓட்டும்போது அதே பாட்டுகளைத்தான் போடுகிறார்கள். பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைக்கும் அவை தெரியும். கிரம்ஹான்ஸ்ல் கண்ட உயர்வு அங்கேயும் இருக்கும் என்று நம்புகிறேன்.

இனிப் பள்ளிக்கூடம். சங்கீதம் படித்தால் கணக்கு நன்றாக வரும், மூளை கூர்மையாகும் என்று பெற்றோரிடம் சொல்லும் வழக்கம் இங்கேயும் இருக்கிறது. இதன் வேர் 1993 இல் 36 மாணவர்களோடு நடந்த ஒரு சிறு சோதனை. பத்து நிமிடம் மொசார்ட் கேட்டவர்கள் இடஞ்சார்ந்த ஒருவகைப் புதிரில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அதன் பலன் கால் மணி நேரத்தைத் தாண்டவில்லை. 2004 இல் கிளென் ஷெலன்பெர்க் 144 ஆறு வயதுப் பிள்ளைகளை நான்கு பிரிவாக்கிச் சோதித்தபோது, சங்கீதம் படித்தவர்களின் நுண்ணறிவு எண் மற்றவர்களைவிட மூன்று புள்ளி அளவில் கூடியிருந்தது. பிறகு 2020 இல் 54 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த சாலாவும் கோபெயும், ஒழுங்காகக் கட்டுப்படுத்திச் செய்த ஆய்வுகளில் இந்தப் பலன் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது என்று கண்டார்கள்.

எனக்கு இதில் ஏமாற்றமே இல்லை. கணக்குப் பாடத்துக்கு எடுபிடியாக இருந்தால்தான் சங்கீதத்துக்கு நேர அட்டவணையில் இடம் என்ற வாதமே பிழையானது. ஜேர்மனியின் லைப்சிக்கில் கிர்ஷ்னரும் டோமசெல்லோவும் 2010 இல் 96 நாலு வயதுப் பிள்ளைகளைச் சோடி சோடியாக விளையாட விட்டார்கள். சேர்ந்து பாடி ஆடிய சோடிகள், அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் விளையாடிய சோடிகளைவிட, அடுத்து வந்த சோதனையில் மற்றப் பிள்ளையின் கோலிகள் கொட்டிப் போனபோது கூடுதலாக உதவிக்குப் போனார்கள். சங்கீத வகுப்பு இப்படியானவற்றைச் செய்கிறது. ரியூசனுக்கு ஓடுகிற அவசரத்தில், தரம் ஐந்துப் புலமைப்பரிசில் வருடத்தில் சங்கீத நேரத்தைக் கணக்குக்குக் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே சங்கீதக் கல்விக்கு நல்ல அத்திவாரம் இருக்கிறது. 1931 இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள், மருதனார்மடத்தில் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைக் கல்வி, பாடசாலையில் அழகியல் பாடம் என்று எல்லாம் உண்டு. ஆனால் வகுப்பின் நடு இடம் சரளி, ஜண்டை, கீதம், வர்ணம், கீர்த்தனை என்ற கர்நாடக சங்கீதப் பாடங்களுக்குத்தான். கூத்தோ ‘நாடகமும் அரங்கியலும்’ பாடத்தோடும் தமிழ்த்தினப் போட்டியோடும் நின்றுவிடுகிறது. 1960களில் பேராதனையில் கூத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்த சு. வித்தியானந்தன்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் என்பதை நினைத்தால் இது மனதை உறுத்துகிறது. பிள்ளையின் காது ஏற்கெனவே கற்றுக்கொண்டு வந்ததை வகுப்பில் வைத்துத் தொடங்கினால் என்ன? காத்தவராயன் கூத்தின் சிந்து நடையை உடுக்கு ஒலியோடு கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்த நடையிலிருந்தே தாளக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் தவக்காலத்துப் பசாமைப் பாடி வளர்ந்த பிள்ளைக்கு அதன் சுரங்களைப் பிரித்துக் காட்டலாம்.

ஹனனும் ட்ரெகப்பும் செய்த சோதனையை இங்கே செய்வதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு தருவை எடுத்து, ஓர் இடத்தில் தாளக் கணக்கை உடைத்து, கூத்து ஆடுகிற ஊரின் பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் ஆடாத ஊரின் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டலாம். கைப்பேசியும் ஹெட்போனும் போதும். அதற்கு முதல் தருக்கள் வேண்டும். மூத்த அண்ணாவிமாரிடம் போய், முழுக் கூத்தையும், மத்தள அடியைத் தனியாகவும் பாட்டைத் தனியாகவும் பதிவு செய்து, எந்தத் தருவை எந்த வயதில் யாரிடம் கேட்டுப் பழகினார்கள் என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.