ஒரே இடி, இரண்டு வலி

இருட்டில் நடக்கும்போது கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்ளாதவர் யார்? அடுத்த முறை இடித்தால், கத்துவதற்கு நடுவே கொஞ்சம் கவனியுங்கள். முதலில் ஊசி குத்தியதுபோல் சுரீரென்று ஒரு வலி. சரி, அவ்வளவுதான் என்று நினைப்பதற்குள் எரிச்சலோடு விண்விண்ணென்று இன்னொன்று வரும். இடித்தது ஒரு தடவைதான். ஆனால் செய்தி இரண்டு வகை நரம்பிழைகளில் போகிறது. ஒன்றின் வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். மற்றது நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டினாலே பெரிது.

வேகமான இழைக்கு மையலின் என்ற கொழுப்பு உறை உண்டு. அதைப் போர்த்திவிடுவது நரம்பணு அல்ல, பக்கத்தில் இருக்கும் ஷ்வான் செல். பாயைச் சுருட்டுவதுபோல அது தன் உடம்பையே இழைமேல் சுற்றிச் சுற்றிப் படர விடுகிறது. தடித்த இழை என்றால் நூறு சுற்று வரைகூடப் போகும். ஒரு செல்லால் மறைக்க முடிவது அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். அப்புறம் சின்ன இடைவெளி, அடுத்த செல். கரும்பில் கணு இருப்பதுபோல இதற்கும் ரான்வியர் கணுக்கள் என்றே பெயர். உறைக்குள் மின்சாரம் கசிவதில்லை. சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து சமிக்ஞையைப் புதுப்பிப்பது கணுக்களில் மட்டும். அதனால் அது கணுவுக்குக் கணு தாவுகிறது.

கணவாய் இனத்துக்கு இந்த உறை கிடையாது. வேகம் வேண்டுமென்றால் இழையைத் தடிமனாக்குவதுதான் வழி. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தும் அதில் நொடிக்கு 25 மீட்டர்தான். நம் உடம்பில் 0.02 மில்லிமீட்டர் இழையே நொடிக்கு 120 மீட்டர் வரை ஓடிவிடுகிறது. கணவாய் முறையில் நமக்கு நரம்பு அமைந்திருந்தால் முதுகுத்தண்டு முதுகுக்குள் அடங்கியிருக்காது!

மூளைக்குள் உறை போடுவது ஆலிகோடென்ட்ரோசைட். ஒரே செல் கைகளை நீட்டிப் பல இழைகளுக்குப் போர்த்தும். அங்கே ஆஸ்ட்ரோசைட் என்ற இன்னொரு துணைச் செல்லும் உண்டு. நரம்பணுக்கள் பேசி முடித்ததும் மிஞ்சும் குளுட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை உறிஞ்சி எடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. தேங்கவிட்டால் நரம்பணுவே செத்துப்போகும். இந்தக் கூட்டத்துக்குத்தான் 1850களில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 'நரம்புப் பசை' என்று பெயர் வைத்தார்!

தொழுநோய்க் கிருமி நரம்பில் குடியேறுவது ஷ்வான் செல்லுக்குள். உறை இல்லாத மெல்லிய வலி இழைகளையும் அணைத்துப் பிடித்திருப்பது ஷ்வான் செல்கள்தான். அவை சிதையும்போது உணர்ச்சி போகிறது. நோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபட்டுத்தான் தேய்கின்றன என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். கொதிக்கும் டம்ளரைப் பிடித்தாலும், கட்டில் காலில் இடித்தாலும் அவர்களுக்கு இரண்டு வலியும் கிடையாது. புண்ணைப் பார்த்துத்தான் அடிபட்டதே தெரியவரும்.