அட்டை அல்லாத அட்டை

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ராமநாதபுரம் பக்கம் இத்தனை கிலோ கடல் அட்டை பறிமுதல் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அட்டையைப் போய் யார் கடத்துவார்கள்? அதுவும் ரத்தம் குடிக்குமா?"

குடிக்காது. மணலைத் தின்னும். மணலில் ஒட்டியிருக்கும் மட்கையும் நுண்ணுயிர்களையும் செரித்துக்கொண்டு சுத்தமான மணலைப் பின்னால் தள்ளிவிடும். ஆனால் கேள்வி நியாயமானது. தப்பு தமிழ்ப் பெயரில் இருக்கிறது.

வால்பாறையில் மழைக்காலத்தில் செருப்பு வழியாகக் கணுக்காலுக்கு ஏறுவதும் அட்டை. குளியலறை மூலையில் தொட்டவுடன் சக்கரமாகச் சுருண்டுகொள்வது மரவட்டை. மன்னார் வளைகுடாவில் கிடப்பது கடல் அட்டை. நீளமாக, மெதுவாக, கொஞ்சம் அருவருப்பாக இருந்தால் அட்டை என்று நம் முன்னோர் முடித்துவிட்டார்கள். விலங்கியலோ இந்த மூன்றையும் மூன்று வெவ்வேறு தொகுதிகளில் வைக்கிறது. முதலாவது வளைதசைப் புழு, மண்புழுவின் சொந்தம். இரண்டாவது கணுக்காலி, நண்டும் தேளும் வண்ணத்துப்பூச்சியும் இருக்கிற பெரிய கூட்டுக்குடும்பம். மூன்றாவது முட்தோலி, நட்சத்திர மீனின் உறவு. உலகத்து விலங்குகள் அத்தனையையும் முப்பதுக்குச் சற்று அதிகமான தொகுதிகளில் அடக்கிவிடலாம். யானை, தவளை, நாம் எல்லோரும் சேர்ந்தே அதில் ஒன்றுதான். அப்படிப்பட்ட மூன்று பெரும் பிரிவுகளுக்கு ஒரே பெயர் என்றால், ஆலமரத்தையும் காளானையும் ஒரே பெயரால் அழைப்பது மாதிரி.

இன்னொரு விஷயம். இந்த மூன்றில் நமக்கு நெருங்கியது எது? ரத்தம் குடிக்கும் அட்டை அல்ல. முட்டை கருவாகும்போது முதலில் ஒரு துளை விழும். அட்டையின் உறவுக்காரர்கள் பலருக்கு அந்தப் பக்கம் வாயாகும். கடல் அட்டைக்கும் நமக்கும் அது ஆசனவாயாகும். வாய் பிறகு தனியாகத் திறக்கும். ஆகவே மூளை இல்லாத, ஆசனவாய் வழியாக நீரை இழுத்து மூச்சுவிடுகிற இந்தப் பிராணிதான் நம் தூரத்துப் பங்காளி. பிடிக்கவில்லை என்றாலும் பங்காளி பங்காளிதான்.

அதன் தோலைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

யாழ்ப்பாணப் பக்கம் ஒரு கடலட்டைப் பண்ணைக்குப் போயிருந்தேன். இடுப்பளவு நீரில் வலை அடைப்பு. பண்ணைக்காரர் குனிந்து மணலுக்குள் கைவிட்டு ஒரு வெள்ளை அட்டையை எடுத்தார். "மெல்லப் பிடியுங்கோ, அண்ணை" என்று என் உள்ளங்கையில் வைத்தார். வைத்த கணம் ஊறவைத்த தோல் செருப்பு போல வழவழ கொழகொழ. விரலால் லேசாக அழுத்தினேன். உள்ளங்கையிலேயே அது இறுகியது. சில நொடிகளில் நான் பிடித்திருந்தது ஒரு காய்ந்த பலாக்கொட்டை. தசை விறைத்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். தசை அல்ல, தோலேதான் கெட்டியானது.

எப்படி? கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் நார் ஒவ்வொன்றும் ஒரு சாண்தான். ஆனால் முறுக்கினால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கிணற்று வாளியைத் தூக்கும். முறுக்கைப் பிரித்தால் கையோடு நழுவி வரும். நாரின் பலம் மாறவில்லை. நாருக்கு நடுவிலுள்ள பிடிதான் மாறியது. கடல் அட்டையின் தோலும் இதே கதை. உள்ளே கொலாஜன் இழைகள், நம் தசைநாண்களில் இருக்கும் அதே புரதம்தான். ஆனால் நமக்கு இழைக்கும் இழைக்கும் இடையில் நிரந்தரக் கட்டு. அட்டைக்கு இழைகள் இரு முனையும் கூரான குட்டைக் கதிர்கள், நடுவில் கூழ் போன்ற ஒரு பசை. தோலுக்குள் சிதறியிருக்கும் சில செல்களுக்கு நரம்பு கட்டளை அனுப்பினால் டென்சிலின் என்ற புரதம் வெளியே வரும். அது இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். தோல் கல்லாகிவிடும். கட்டளை மாறினால் ஒட்டு விட்டுப்போகும், இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், தோல் கூழாகிவிடும்.

நம் உடலிலும் இதற்கு ஒரு நிழல் உண்டு. பிரசவத்துக்கு முன் கருப்பைவாய் நெகிழ்வதும் கொலாஜன் கட்டுகள் தளர்வதால்தான். ஆனால் நமக்கு அது வாரக்கணக்கில் நடக்கும். அட்டை நொடிகளில் செய்கிறது, திரும்பவும் இறுக்குகிறது.

இதனால் அதற்கு என்ன லாபம்? பாறை இடுக்கு இருந்தால் தோலை இளக்கித் தன்னை உள்ளே ஊற்றிக்கொள்ளும். பிறகு இறுக்கிக்கொண்டால் எந்த மீனும் பிடுங்க முடியாது. தசையால் இறுக்கிப் பிடித்தால் ஆற்றல் செலவாகிக்கொண்டே இருக்கும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற நமக்குத் தெரியும். தோலை ஒட்டவைத்துவிட்டால் சும்மா கிடக்கலாம். ரொம்பத் தொந்தரவு கொடுத்தால் சில இனங்கள் தோலைக் கிழியும் அளவுக்கு இளக்கிக்கொள்ளும். இன்னும் சில குடலையே வெளியே கக்கிவிட்டுத் தப்பிக்கும். குடல் சில வாரங்களில் மறுபடி முளைக்கும். நட்சத்திர மீன் கையைக் கழற்றிவிடுவதும் இதே வித்தையால்தான். முட்தோலிகளைத் தவிர வேறெந்தத் தொகுதியும் இதில் இவ்வளவு தூரம் போகவில்லை.

சரி, யார் கடத்துகிறார்கள் என்பதற்கு வருகிறேன். தொட்டால் விறைக்கிறது, நீரைப் பீச்சுகிறது. ஆகவே ஆண்மைக்கு நல்லது. தர்க்கம் அவ்வளவுதான். முந்திரிப் பருப்பு சிறுநீரகம் மாதிரி இருக்கிறது, ஆகவே சிறுநீரகத்துக்கு நல்லது என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. சீனாவில் இது விருந்துச் சாப்பாடு, மருந்து இரண்டும். அவித்து உலர்த்தியது நல்ல விலைக்குப் போகும். இங்கே 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, புலிக்கு உள்ள பாதுகாப்பைக் கொடுத்தார்கள். பாக் நீரிணையைத் தாண்டினால் அது அனுமதி வாங்கி வளர்க்கிற பண்ணைப்பொருள். ஒரே கடல், ஒரே அட்டை. இங்கே வளர்க்கவும் வழியில்லாமல் வெறுமனே தடை மட்டும் போட்டது மீனவரைக் குற்றவாளியாக்கியதுதான் மிச்சம் என்பது என் கருத்து. ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு உண்டு.

ஜப்பானில் மோட்டோகவா என்ற விலங்கியலாளர் பல பத்தாண்டுகள் இந்தத் தோலைக் கிள்ளியும் இழுத்தும் அளந்துகொண்டிருந்தார். நம் ஊரில் இதற்கு மானியம் கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். "சமுதாயப் பயன் என்ன?" என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?

2008-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டிலிருந்து ஒரு ஆய்வுக்கட்டுரை வந்தது. ஆசிரியர் வரிசையில் இரண்டாவது பெயர் கதிரவன் சண்முகநாதன். அவர்கள் கடல் அட்டையின் தோலைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் செய்திருந்தார்கள். ரப்பர் போன்ற பாலிமருக்குள் நுண்ணிய செல்லுலோஸ் இழைகள். காய்ந்திருக்கும்போது இழைகள் கைகோத்துக்கொள்ளும். தண்ணீர் பட்டால் கையை விட்டுவிடும். விறைப்பு 40 மடங்கு குறையும். மூளைக்குள் செருகும் மின்முனைக்கு இது வேண்டும். செருகும்போது ஊசியாக இருக்கணும், உள்ளே போனபின் மூளையைக் கீறாமல் மெத்தென்று இருக்கணும்.

அந்தச் செல்லுலோஸை மரத்திலிருந்தோ பருத்தியிலிருந்தோ எடுக்கவில்லை. துறைமுகத் தூண்களிலும் கப்பல் அடியிலும் ஒட்டிக்கிடக்கும் பை போன்ற பிராணிகள் உண்டு, பதினொன்றாம் வகுப்பில் படித்த அசிடியா அந்த வகை. செல்லுலோஸ் தயாரிக்கத் தெரிந்த ஒரே விலங்குக் கூட்டம் அது. குஞ்சாக நீந்தித் திரியும் கொஞ்ச நேரம் அதன் வாலில் முதுகுநாண் இருக்கும், ஆகவே வகைப்பாட்டில் அது நம் சொந்தத் தொகுதி. தூரத்துப் பங்காளியைப் பார்த்துத் தோல் செய்யப் போனவர்கள், நாரை வாங்கியது நம் அடுத்த வீட்டுப் பங்காளியிடம்.